மூன்று ஊசியும் ஒரு தேதியும்

அன்புள்ள யாழினிக்கு,

"அம்மாவின் கர்ப்பப்பையை எடுக்கிறோம் என்றவர்கள், இப்போது மூன்று மாதம் ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார்கள். பணம் பிடுங்கவா சித்தி?" என்று நேற்று போனில் கேட்டாய். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் நான். போனில் சொன்னால் பாதிதான் நிற்கும், அதனால் எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கே கவனித்தேன். நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் அக்கா திரும்பி இருக்கையைப் பார்த்துக்கொண்டாள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. இப்போது ஹீமோகுளோபின் 7, ஸ்கேனில் ஃபைப்ராய்டு கட்டியால் கர்ப்பப்பை நாலு மாதக் கர்ப்பம் அளவு. இந்த நிலையில் உடனே அறுத்தால் ரத்தமும் ஏற்ற வேண்டிவரும், வயிற்றையும் பெரிதாகத் திறக்க வேண்டிவரும். ஊசி போட்டால் மாதவிடாய் நிற்கும். சாப்பிடுகிற இரும்புச்சத்து மாத்திரை உடம்பில் தங்கும். கர்ப்பப்பையும் மூன்று மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதிவரைகூடச் சுருங்கும். அப்போது லேப்ராஸ்கோப்பில் சின்னத் துளைகளோடு முடிக்கலாம். ரத்தமும் நன்றாக இருந்து கட்டியும் சின்னதாக இருக்கிறவர்களுக்கு இந்த ஊசி தேவையே இல்லை.

மூளையில் ஒரு ஹார்மோன், ஒரு மணி அல்லது ஒன்றரை மணிக்கொரு முறை சுரந்து பிட்யூட்டரியை எழுப்பும். அது சினைப்பையை வேலை வாங்கும். லியூப்ரோலைடு ஊசி அதே குரலை ஓயாமல் கொடுக்கிறது. சதா கூப்பிடும் பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் யாரும் காது கொடுப்பதில்லை அல்லவா, பிட்யூட்டரியும் அப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் இறங்க, அதில் வளர்ந்த கட்டி வாடுகிறது. மூளையின் அந்த ஹார்மோனை விஞ்ஞானி ஆண்ட்ரூ ஷாலி குழுவினர் 1971இல் கண்டறிந்தது லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத் துணுக்குகளை அரைத்துத்தான். 1977இல் ஷாலிக்கு நோபல் கிடைத்தது. இன்றைய மருந்து செயற்கையாகத் தயாராவது. ஆனாலும் பன்றிக் கதையை அக்காவிடம் சொல்லித் தொலைக்காதே.

முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு வாரம் உதிரப்போக்கு கூடலாம். பேடு மணிக்கொன்று நனைந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. அப்புறம் நடுராத்திரியில் வேர்த்து எழுந்து ஜன்னலைத் திறப்பாள், காரணமில்லாமல் உன்மேல் எரிந்து விழுவாள். அது ஊசியின் குணம். எலும்பும் தேயும் என்பதால் ஆறு மாதத்துக்கு மேல் பொதுவாக நீட்டுவதில்லை. இரும்பு மாத்திரையைக் காபியோடு கொடுக்காதே. இன்னொன்று, ஊசி போடும் முன்பே கர்ப்பப்பையின் உள்சதையை எடுத்து பயாப்சி பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேள். நாற்பத்தேழு வயதில் அதிகமாக ரத்தம் போனால், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

எனக்குப் பயம் இதிலெல்லாம் இல்லை. இரண்டாவது ஊசியில் ரத்தம் நின்று முகம் தெளிந்ததும், "இப்போதான் நல்லாயிருக்கே, ஆபரேஷன் எதுக்கு?" என்பாள் அக்கா. என் நாத்தனார் அப்படித்தான் சொன்னாள். நானும், படித்தவள், வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊசி நின்ற சில மாதத்தில் கட்டி பழையபடி வளர்ந்தது. கடைசியில் வயிற்றைத் திறந்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி எடுத்தார்கள்.

அதனால் முதல் ஊசியன்றே ஆபரேஷன் தேதியையும் கேட்டு வாங்கிவிடு. சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போடு. இரண்டு நாள் முன்பே நான் வந்துவிடுகிறேன், வீட்டையும் தாத்தாவையும் பார்த்துக்கொள்ள.

அன்புடன்,
சித்தி