விளக்கு வாங்குமுன்: ஹைதராபாத் லோத்குண்டாவில் பவளம் வளர்க்க வரும் பிள்ளைகளுக்கு

1. விளக்குக்கு முன்னால் சட்டம். கல் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அட்டவணை அது. மன்னார் வளைகுடாச் சரக்கு, அந்தமான் சரக்கு என்று கடைக்காரர் காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் காளான் பவளம், சோவாந்திட், தோல் பவளம் போதும். அவற்றையும் பில் போட்டு வாங்குங்கள். இந்த மென்பவளங்களுக்கு வெளிச்சமும் குறைவாகத்தான் வேண்டும். ஆகவே விளக்குச் செலவும் தானாகக் குறையும்.

2. எதை வளர்க்கப் போகிறோம் என்று முடிவாகாமல் விளக்கு விலை கேட்காதீர்கள். பெரும்பாலான தொட்டிப் பவளங்களின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைக்கும் சர்க்கரைதான் பவளத்துக்கு முக்கியச் சாப்பாடு. விதிவிலக்கும் உண்டு. செக்கச்செவேலென்று ஆளை மயக்கும் கார்னேஷன் பவளத்துக்குள் இந்தப் பாசி கிடையாது. நாள் முழுக்க மிதவை உணவு ஊட்டினால்தான் பிழைக்கும். எந்த விளக்கும் அதைக் காப்பாற்றாது. அழகைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதில்தான் அதிகம்.

3. வாட் கணக்கை மறந்துவிடுங்கள். லிட்டருக்கு இத்தனை வாட் என்பது ட்யூப் லைட் காலத்துப் பேச்சு. பவளத்துக்குப் பயன்படும் ஒளியைப் 'பார்' என்ற அளவால் சொல்கிறோம். உச்சிவெயிலில் கடலின் மேற்பரப்பில் அது சுமார் 2000 இருக்கும். காளான் பவளத்துக்கு 50 போதும். சோவாந்திடுக்கும் தோல் பவளத்துக்கும் 80 முதல் 150 வரை. கிளைவிடும் கல் பவளங்கள் 200க்கு மேல் கேட்கும், ஆனால் அவை நம் கதையில் இல்லை. செல்போன் லக்ஸ் ஆப்பை நம்ப வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, நீல ஒளியைக் குறைத்தே காட்டும். பார் மீட்டர் விலை அதிகம். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள்.

4. நிறம். சிவப்பு ஒளியைக் கடல்நீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். பவளத்தின் பாசி நீலத்தில் நன்றாக வேலை செய்வது அதனால்தான். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிகிற எல்இடியாகப் பாருங்கள். முழு நீலத்தில் எல்லாம் தகதகக்கும். ஆனால் பவளம் வெளுக்கிறதா என்று அந்த வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. தினம் கொஞ்ச நேரமாவது வெள்ளையைப் போட்டுப் பாருங்கள்.

5. கண்ணாடியில் பாசி பிடித்தால் விளக்கைத் திட்டாதீர்கள். போர் தண்ணீரில் உப்பைக் கலக்கிவிட்டு எல்இடியைக் குறை சொல்பவர்கள் இந்த ஏரியாவிலும் உண்டு. ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதித்துப் பாருங்கள்.

6. புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் விடுவது கொலை. பாதிக்கும் கீழே தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றி, ஒரு மாதத்தில் வேண்டிய அளவுக்கு வாருங்கள். புதுப் பவளத்தை அடித்தட்டில் வைத்து மெல்ல மேலே நகர்த்துங்கள். டைமர் போட்டு எட்டிலிருந்து பத்து மணி நேரம் எரிந்தால் போதும். மீதியைப் பவளமே சொல்லும்: காம்பு நீண்டு மேலே எட்டினாலோ நிறம் பழுப்பாக மங்கினாலோ வெளிச்சம் போதவில்லை. சுருங்கிக்கொண்டாலோ வெளிறினாலோ அதிகம்.

7. ஹைதராபாத் மே மாதம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போதும் தொட்டி நீர் 26ஐ ஒட்டி நிற்க வேண்டும். சூடும் பலத்த ஒளியும் கூட்டுச் சேர்ந்தால் சதைக்குள் குடியிருக்கும் பாசியே பவளத்துக்கு நஞ்சைச் சுரக்கும், பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும். அதுதான் வெளுப்பு. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் நீர் சூடேறி, திட்டுத் திட்டாகப் பவளம் வெளுத்தது. ஆகவே சூடு கக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கு இந்த ஊருக்கு வேண்டாம், நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குக் கப்பம் கட்டி மாளாது. கோடையில் எல்இடியையும் கொஞ்சம் தணித்து, விளக்கு நேரத்தை மாலைக்குத் தள்ளி, நீர்மேல் ஒரு மின்விசிறியை ஓடவிடுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். குறைந்ததை உப்பில்லாத ஆர்ஓ நீரால் நிரப்புங்கள்.

8. மேற்கு ஜன்னலோரம் தொட்டி வைக்காதீர்கள். வெயில் இலவசம்தானே என்பார்கள். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது.

9. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கை மாட்டாதீர்கள், நீரோட்ட மோட்டாரை மாட்டுங்கள். இரண்டு நாள் இருட்டைப் பவளம் தாங்கும். நீர் ஓடாமல் நின்றால் ஆக்சிஜன் குறைந்து சில மணி நேரத்திலேயே மீன் முதலில் போகும்.

10. ஒயரை பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்குமாறு விடுங்கள், வழிகிற உப்புநீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். விளக்கின் விசிறியில் படியும் உப்பை மாதம் ஒருமுறை துடையுங்கள். துடைக்குமுன் மெயினை அணையுங்கள்.