பழைய மரச்சாமானில் வழவழப்பான பெயிண்ட்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதுப் பெயிண்ட் பழைய குறைகளை மூடிவிடும் என்று நம்பித்தான் பலரும் டப்பாவைத் திறக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பளபளக்கும் எனாமல் ஒவ்வொரு கீறலையும் எடுத்துக் காட்டும். முக்கால்வாசி வேலை உப்புத்தாளில்தான் இருக்கிறது. ஒரு நாற்காலிக்கே நான்கைந்து நாள் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி காயவிடும் நேரம்.

பெயிண்டா, பாலிஷா?

தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் ரேகை அழகாகத் தெரிந்தால் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனாமல் மரத்துக்குள் இறங்கிவிட்டால் முழுக்க எடுப்பது பெரும்பாடு. ஒட்டுப்போட்ட பெஞ்ச், சாதாரண மர அலமாரி, ஏற்கெனவே பெயிண்ட் கண்ட ஸ்டூல் ஆகியவையே பெயிண்டுக்கு ஏற்றவை. சிறு துளைகளிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது. முதலில் பூச்சிமருந்து, பிறகுதான் பெயிண்ட்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எனாமல் சீக்கிரம் காயாது. ஆடிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஒட்டும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

வாங்க வேண்டியவை

- உப்புத்தாள்: 100, 180, 220 எண்கள், வாட்டர் பேப்பர்: 220, 400
- மரத்துக்கான பிரைமர், லப்பம், எனாமல்
- மினரல் டர்பன்டைன்
- 2 அங்குல பிரஷ், சிறிய ஸ்பாஞ்ச் ரோலர்
- லப்பம் இழுக்கத் தகடு, என்95 முகக்கவசம்

படி 1: கழற்றிக் கழுவுங்கள்

கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கதவைப் படுக்கவைத்து அடித்தால் பெயிண்ட் வழியாது. எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள். பிசுக்கின் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

படி 2: பழைய பூச்சைச் சோதியுங்கள்

பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். செதில் செதிலாக வந்தால் முழுவதும் சுரண்ட வேண்டும். வராவிட்டால் பளபளப்பு போகும்வரை தேய்த்தாலே போதும்.

ஓர் எச்சரிக்கை: வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வர வேண்டாம்.

படி 3: தேய்த்தல்

வெறும் மரமானால் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கோடு கடைசிப் பூச்சிலும் தெரியும். 100-இல் தொடங்கி 180, 220 என்று போங்கள். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நிற்கும். தூளைத் துடைத்தெடுங்கள்.

படி 4: பிரைமர், பிறகு லப்பம்

புதியவர்கள் பலர் வெறும் மரத்தில் லப்பத்தை அப்புவார்கள். அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிவிட, லப்பம் உதிரத் தொடங்கும். அதனால் முதலில் ஒரு கோட் பிரைமர். மறுநாள் பள்ளங்களில் மெல்லிசாக லப்பம் இழுங்கள். ஆழமான பள்ளத்தை இரண்டு மூன்று முறையாக நிரப்புங்கள். தடிமனாக வைத்தால் வெடிக்கும்.

காய்ந்ததும் 220-ஆல் தேய்த்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். சரிசெய்து இன்னொரு கோட் பிரைமர் கொடுங்கள். அதில் பழுப்புக் கறை எழுந்தால் மரத்தின் சாயம் கசிகிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு கோட் பூசினால் நிற்கும்.

படி 5: பெயிண்ட் அடித்தல்

தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பெயிண்டைப் பழைய நைலான் துணியில் வடிகட்டி, டப்பாவில் சொன்ன அளவு டர்பன்டைன் கலந்துகொள்ளுங்கள். என்சி தின்னரை எனாமலில் கலக்காதீர்கள்.

பிரஷ் மயிரில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். பூசி முடித்ததும், ஈரம் காயுமுன் பிரஷ் நுனியால் ஒரே திசையில் லேசாக இழுத்துவிடுங்கள். பிறகு தொடாதீர்கள், கோடுகள் தாமாகவே அடங்கும். அகலமான பரப்புக்கு ரோலர் நல்லது. நாற்காலியைக் கவிழ்த்துக் கால்களிலிருந்து தொடங்குங்கள்.

மறுநாள் 400 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து இதமாகத் தேய்த்து, துடைத்து, நன்கு உலர்ந்தபின் அடுத்த கோட். தடித்த ஒரு கோட்டைவிட மெல்லிய மூன்று கோட் மேல்.

தவறு நேர்ந்தால்

- வழிந்துவிட்டதா? ஈரத்தில் கைவைக்காதீர்கள். இறுகியபின் தேய்த்து மறுபடி அடியுங்கள்.
- சுருக்கம் விழுந்ததா? கோட் தடிமன், அல்லது கீழ்க்கோட் காயவில்லை. சுரண்டிவிட்டு மெல்லிசாக அடியுங்கள்.
- குமிழியா? வெயிலில் அடித்திருப்பீர்கள். நிழலே சரி.

பயன்படுத்துமுன்

பெயிண்ட் நனைந்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவையுங்கள். சாமானைத் தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே பாரம் ஏற்றாதீர்கள். எனாமல் முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலை வந்தபின் கைப்பிடிகளை மாட்டி, சாமான்களை அடுக்குங்கள்.