ரௌத்திரத்துக்கு முன்னே

நாட்டிய சாஸ்திரம் எட்டு ரசங்களுள் ரௌத்திரத்தையும் வைத்தது. அதிலிருந்து கருணம் பிறக்கும் என்றும் கூறிற்று. கேரள மலையோரங்களில் இந்த வரிசை மாறியிருக்கிறது. அங்கே துயரமே முந்தியது.

2025 மே மாதத்தில் இடுக்கியிலும் பாலக்காட்டிலும் ராப் பாடகர் வேடனின் நிகழ்ச்சிகளுக்கு இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடினர். பாலக்காடு கோட்டை மைதானத்து நெரிசலில் சிலர் காயமுற்றனர்; அது வருந்தத்தக்கதே. செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மண்ணில் இத்தகைய முழக்கமா என்று கேட்பதும் எளிது. ஆனால் சாதி இழிவும் நிலமின்மையுமே அப்பாடல்களின் பொருள். அக்கோபம் மேடையில் பிறந்ததன்று.

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 2013-இல் பழங்குடிக் குழந்தைகள் பலர் ஊட்டக்குறைவால் மாண்டனர். இடுக்கியின் மூணாற்றில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், தொழிற்சங்கங்களையே ஒதுக்கிவிட்டு 20 விழுக்காடு போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் தொழிலாளர் லயங்கள்மீது மலை சரிந்து 70 உயிர்கள் போயின.

அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்கு, இருளர் மொழியில் பாடிய திரைப்பாட்டுக்காக 2022-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முறையாகப் பயின்றோர் இருக்க இவருக்கா என்று கேட்டவரும் உண்டு. அவர் பாடியதோ மெல்லிய பாட்டு.