வாத்தியாருக்கு யார் வாத்தியார்?
(அணுக் காவல் கல்வி பற்றி ஓர் அறிமுகம்)



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார்கள். "அணுக் காவல்" என்றேன். "உனக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று சிரித்தார்கள். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அப்பா பழைய இரும்புக் கடையில் கேஸ் கட்டிங் வேலை செய்கிறார். இந்த இரண்டும் அணுவோடு எங்கே வந்து சேருகிறது என்பதுதான் இக்கட்டுரை.

பாதுகாப்பு வேறு, காவல் வேறு

ஆங்கிலத்தில் சேஃப்டி, செக்யூரிட்டி என்று இரண்டு சொல் உண்டு. நாம் இரண்டையுமே "பாதுகாப்பு" என்று சொல்லிவிடுகிறோம். பாடத்தில் இது போதாது. பொருளால் மனிதனுக்குக் கேடு வராமல் பார்ப்பது பாதுகாப்பு. மனிதனால் பொருள் களவு போகாமல், கேட்பாரற்றுப் போகாமல் பார்ப்பது காவல். பாய்லர் வெடிக்காமல் பார்ப்பது முதல் வகை. ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது இரண்டாம் வகை.

நம் ஆசிரியர்கள் முதல் வகையை நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். இரண்டாம் வகையை அவர்களுக்கே யாரும் சொல்லித் தந்ததில்லை. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாயாபுரி சொல்லும் பாடம்

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமா செல் என்ற கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. உள்ளே கோபால்ட்-60. 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலம் விட்டார்கள். மாயாபுரியில் உள்ள பழைய இரும்புக் கடைக்குப் போனது. அங்கே பிரித்தார்கள். ஏப்ரலில் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

நண்பர்களே, ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் சுமார் 5.27 ஆண்டு. அந்தக் கருவி வாங்கி ஏறக்குறைய 40 ஆண்டு ஆகியிருந்தது. அதாவது 7 அரை ஆயுட்காலம் தாண்டிவிட்டது. 2-ஐ 7 முறை பெருக்கினால் 128. ஆக, ஆரம்ப வீரியத்தில் 128-இல் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அந்த மிச்சமே ஓர் உயிரைக் குடித்தது!

கவனியுங்கள். இதில் திருடன் யாரும் இல்லை. பூட்டும் உடையவில்லை. முறைப்படி ஏலம் போட்டே வெளியே போயிருக்கிறது. அதுவும் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த இடத்திலிருந்து! கோபால்ட்டைப் பற்றிய அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. "இது யார் பொறுப்பு? கடைசியாக எப்போது எண்ணிப் பார்த்தோம்?" என்று கேட்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

1987-இல் பிரேசிலில் கோயானியா நகரிலும் இப்படித்தான். இடம் மாறிப்போன மருத்துவமனை ஒன்று விட்டுச்சென்ற சீசியம்-137 கருவி, பழைய இரும்புக் கடைக்கு வந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை ஜனங்கள் அதிசயமாகத் தொட்டுப் பார்த்தார்கள். 4 பேர் இறந்தனர். அதில் ஒன்று 6 வயதுப் பெண் குழந்தை. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

ஆசிரியருக்குப் பயிற்சி

2010-ஆம் ஆண்டு வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை, இதற்கெனப் பல்கலைக்கழகங்களை இணைத்து ஒரு கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டது. ஆசிரியர்களுக்குத் தனியாகக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. நம் நாட்டிலும் ஹரியானா மாநிலம் பகதூர்கர் அருகே அமைந்த உலக அணுசக்திக் கூட்டுறவு மையத்தில் அணுக் காவலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு.

ஏன் தனிப் பயிற்சி? காரணங்கள் மூன்று.

1. இந்தப் பாடம் ஒரு துறைக்குள் அடங்காது. இயற்பியல் வாத்தியாருக்குச் சட்டம் தெரியாது, சட்ட வாத்தியாருக்குக் காமா கதிர் தெரியாது. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்.

2. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிய வேண்டும். உண்மையான நிலையத்தின் வரைபடத்தைப் போர்டில் போட்டால், அதுவே திருடனுக்கு வழிகாட்டி. எனவே கற்பனை நிலையம் ஒன்றை வைத்தே பயிற்சி நடக்கும்.

3. மனப்பாடம் இங்கே உதவாது. ஆசிரியர்களே திருடனாகவும் காவலராகவும் பிரிந்து மேஜை மேல் விளையாடிப் பார்க்கிறார்கள்.

அந்த விளையாட்டை நாமும் ஆடிப் பார்ப்போமே! தத்துவம் எளிது: கண்டுபிடி, தாமதப்படுத்து, தடுத்து நிறுத்து. திருடன் சுவரைத் தாண்ட 2 நிமிடம், இரும்புக் கதவை உடைக்க 3 நிமிடம், பெட்டகத்தைத் திறக்க 4 நிமிடம். மொத்தம் 9. மணி அடித்தபின் காவலர் வந்து சேர 6 நிமிடம்.

மணியைப் பெட்டகத்தில் வைத்தால்? மணி அடிக்கும்போது திருடனுக்கு மிச்சம் 4 நிமிடம்தான். காவலர் வருவதற்குள் ஆள் போயாச்சு. கதவில் வைத்தால் மிச்சம் 7 நிமிடம். ஒரே நிமிடத்தில் தப்பித்தோம். சுவரில் வைத்தால் 9 நிமிடம், நிம்மதி. ஆக, பூட்டு பெரிதா சிறிதா என்பது மட்டும் கேள்வி அல்ல. எந்த இடத்தில் நமக்குத் தெரிய வருகிறது என்பதே கேள்வி.

திருடன் வெளியிலிருந்துதான் வர வேண்டுமா? 1992-இல் ரஷ்யாவில் போடோல்ஸ்க் நகர ஆலையில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், உயர் செறிவு யுரேனியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தார். மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அனுமதிக்கப்பட்ட சேதாரக் கணக்குக்குள்ளேயே எடுத்ததால் ஆலைக்குத் தெரியவே இல்லை! நகைக்கடைச் சேதாரத்தைச் சந்தேகமாகப் பார்க்கும் நம் அம்மாமார்களை அங்கே கணக்குப் பிரிவில் போட்டிருக்கலாம்.

அப்பா எடுத்த பாடம்

எங்கள் துறைக்கு வந்து பேசிய விருந்தினர் ஒருவரின் கருத்தரங்கில்தான் இதையெல்லாம் முதலில் கேட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மாயாபுரியில் இறந்தவர் செய்த வேலையும் என் அப்பா செய்கிற வேலையும் ஒன்றுதானே!

மறுநாள் நோட்டில் மூன்று இதழ் உள்ள கதிர்வீச்சுச் சின்னத்தை வரைந்து அப்பாவிடம் காட்டினேன். "இது என்னப்பா?"

"ஏதோ ஃபேன் கம்பெனி முத்திரை மாதிரி இருக்குடா தம்பி" என்றார்.

எனக்குத் திக்கென்றது. பிறகு 2007-இல் வந்த புதுச் சின்னத்தை வரைந்தேன். சிவப்பு முக்கோணம், மேலே கதிர்கள், கீழே மண்டை ஓடு, ஓடுகிற மனிதன். "இதைத் தொடாதே, ஓடிப்போன்னு சொல்றான்" என்றார் உடனே. இந்தச் சின்னத்தை 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்த பிறகே வெளியிட்டார்களாம். கற்பவனிடம் கேட்டுப் பார்த்துக் கற்பித்திருக்கிறார்கள்.

அப்பா அதோடு விடவில்லை. "சரி, சின்னமே இல்லாம வந்தா? பெயின்ட் உரிஞ்சிருந்தா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விருந்தினரிடம் எழுதிக் கேட்டேன். அளவுக்கு மீறிக் கனமாக, ஈயம் சுற்றியதாக, ஆஸ்பத்திரி அல்லது ஆய்வகத்திலிருந்து வந்ததாக ஒரு பொருள் இருந்தால் வெட்டாதே, தள்ளி நில், போலீசுக்குச் சொல் என்று பதில் வந்தது. இப்போது அது கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே! பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது நல்லதே. ஆனால் அது அங்கேயே நின்றுவிடக்கூடாது. நாளை வெல்டிங் தையலைச் சோதிக்க இரிடியம்-192 ரேடியோகிராபி கேமராவைத் தூக்கிக்கொண்டு போகப்போவது டிப்ளமோ படித்த நாம்தான். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதும், சாவியை வைத்திருப்பதும் நாம்தான். நம் ஒர்க்‌ஷாப் ஆசிரியர்களுக்கும் இந்தப் பயிற்சி வர வேண்டும் என்று பேரவை வழியாகக் கேட்போம்.

அதுவரை? நமக்குத் தெரிந்ததை வீட்டில் ஒருவருக்குச் சொல்வோம். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுவோம்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை