முகத்துவாரம் மூடிக் கிடந்தால் மீனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நான் சாய்ந்தமருதில் ஆழ்கடல் படகு வைத்திருப்பவன். எங்கட படகு மூன்று வாரத் தொழிலை முடித்துக்கொண்டு ஒலுவில் துறைமுகத்துக்கு வந்த நேரம் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. உள்ளே எடுத்தால் தரை தட்டிவிடும் என்று தண்டயல் வெளியிலேயே நங்கூரம் போட்டார். மீனைக் கரை சேர்க்கச் சின்ன ஃபைபர் படகு ஒன்றைக் கூலிக்குப் பேசினோம். சுபஹுக்கு வருகிறேன் என்றவர் அஸருக்குத்தான் வந்தார். இரண்டு நடைக்குப் பிறகு இருட்டிவிட்டது. ஐஸ் கரைந்து, சூரையும் அறக்குளாவும் அடுத்த நாள் பாதி விலைக்குப் போயின. மருமகன் உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறார். அங்கே கப்பலை வெளியே நிறுத்திப் பயணிகளை டெண்டர் படகில் கரைக்கு ஏற்றுவார்களாம். அது தாமதமானால் பயணிகளுக்குக் காசு திருப்பிக் கொடுப்பார்களாம். எனக்கு மட்டும் ஏன் இல்லை? யார் மீது வழக்குப் போடலாம்? ஃபைபர் படகுக்காரருக்கு இன்னும் கூலி கொடுக்கவில்லை. அது சரியா?

பதில்: இவ்வளவு விவரம் எழுதியவர் திகதியை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எனக்கு முதலில் தேவைப்பட்டது அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் மருமகன் சொன்னது பாதிதான் உண்மை. டெண்டர் படகு தாமதமானதற்காக மட்டும் எந்தக் கப்பல் நிறுவனமும் சாதாரணமாகக் காசு கொடுப்பதில்லை. கடல் நிலையைப் பார்த்து நேரத்தை மாற்றவும், துறைமுகத்தையே தவிர்க்கவும் கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு என்று பயணச்சீட்டின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். கடற்பயணிகளுக்கான 1974ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கை உயிரிழப்பு, காயம், பயணப் பொதி ஆகியவற்றுக்குத்தான் பொறுப்புச் சுமத்துகிறது. பயணி பிந்திக் கரையேறியதற்கு அதில் பரிகாரம் இல்லை. காசு திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் கரைச் சுற்றுலாவைக் கப்பல் நிறுவனத்திடமே வாங்கியவருக்கு. அதே ஊரில் வெளியே வான் பிடித்து ஒழுங்கு செய்தவருக்கு அந்த நிறுவனம் பதில் சொல்லாது. ஆகவே தாமதம் எவ்வளவு என்பதற்கு முன், யார் யாருக்கு எதை ஒப்புக்கொண்டார் என்று பார்க்க வேண்டும். உங்கள் விடயத்திலும் அப்படித்தான்.

உங்களுக்கு ஒப்புக்கொண்டவர் ஃபைபர் படகுக்காரர் ஒருவர்தான். அது வாய்மொழி ஒப்பந்தம். நம் சட்டத்தில் அதுவும் ஒப்பந்தமே. அதை மீறியதற்கு வழக்கிட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தொகை சிறிதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும்; அதன் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்காது. ஆனால் அவர் ஏன் பிந்தினார் என்று கேட்டீர்களா? உங்கள் படகை வெளியே நிறுத்திய அதே மணல் திட்டில்தான் அலை உடைந்து கொண்டிருந்திருக்கும். வாடைக்காலத்தில் அந்த வாயைக் கடப்பது சின்னப் படகுக்கும் உயிர்ப் பயம். காரணம் அதுவென்றால் அவர் மீதான வழக்கில் பெரிதாக ஒன்றும் தேறாது.

அடுத்து காப்புறுதி. சிலர் அதை நம்பியே இருக்கிறார்கள். கடல்சார் விடயங்களில் நம் நாடு ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. 1906ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடல் காப்புறுதிச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, தாமதத்தால் நேர்ந்த நட்டத்துக்குக் காப்புறுதியாளர் பொறுப்பல்ல என்கிறது. அந்தத் தாமதம் காப்புறுதி செய்த ஆபத்தினாலேயே வந்திருந்தாலும் அப்படித்தான். உங்கள் பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய அந்தக் கதவு மூடியதே.

இனி மணலுக்கு வருவோம்.

துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் கனவாகத் தொடங்கி, டென்மார்க்கின் கடனில் கட்டப்பட்டு, 2013இல் திறக்கப்பட்டது ஒலுவில் துறைமுகம். வர்த்தகத்துக்கு ஒரு பகுதி, மீன்பிடிக்கு ஒரு பகுதி என்பது திட்டம். வர்த்தகக் கப்பல்களின் வரவு கனவாகவே நின்றுவிட்டது. நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அலைதடுப்புச் சுவர் அதை மறிக்கிறது. மறிபட்ட மணல் தெற்கே குவிந்து வாயையும் அடைக்கிறது. மணல் போய்ச் சேராத வடக்குப் பக்கம், ஒலுவில் கிராமமும் நிந்தவூர்க் கரையும், கடலுக்கு இரையாகிறது. கடலுக்குள் சுவர் கட்டினால் இது நடக்கும் என்பது கரையோரப் பொறியியலில் பாலபாடம்.

சட்டத்தில் இதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது. அதிகாரிகள் முதலில் சொல்லப்போகும் பதில் 'இயற்கையின் செயல்' என்பதுதான். எதிர்பார்க்க முடியாததும் தடுக்க முடியாததுமான நிகழ்வுக்கே அந்த வாதம் நிற்கும். திறந்த சில ஆண்டுகளிலேயே மூடத் தொடங்கி, அள்ளிய பின்னும் திரும்பத் திரும்ப மூடும் ஒரு வாய் எதிர்பாராதது அல்ல. மணல் வருவது இயற்கை. வரும் என்று தெரிந்தும் அள்ளாமல் விட்டால் அதைக் கவலையீனம் என்று வாதிடலாம்.

யாருடைய கவலையீனம் என்பதில்தான் சிக்கல். 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைத் துறைமுக அதிகார சபை ஒரு பக்கம்; இலங்கை மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனமும் கடற்றொழில் அமைச்சும் மறு பக்கம். ஒன்று மற்றதைக் கைகாட்டும். இந்த விளையாட்டை நிறுத்த மலிவான வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதுங்கள், இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். முகத்துவாரத்தை ஆழப்படுத்தும் பொறுப்பு இன்று யாருக்கு, எந்த ஆவணத்தின்படி, கடைசியாக மணல் அகழ்ந்தது எப்போது, அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, உங்கள் படகு வந்த நாளில் வாயின் ஆழம் என்ன என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மௌனம் சாதித்தால் மேன்முறையீடு உண்டு; அதற்கும் மேல் ஆணைக்குழு உண்டு. 'எங்கள் பொறுப்பு அல்ல' என்ற எழுத்துமூலப் பதில் கிடைத்தாலும் அதைக் கவனமாக எடுத்து வையுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே எழுதிவிட்டால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது.

நட்டஈட்டு வழக்கு போடலாம். காலம் இரண்டு ஆண்டு. அரசே பிரதிவாதி என்றால் சட்டமா அதிபருக்கு சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆவது பிரிவின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆனால் இந்த வழியை நான் விரும்பவில்லை. படகு உடையவில்லை, ஆளுக்குக் காயமில்லை. விலை வீழ்ந்தது மட்டுமே நட்டம். இப்படியான வெறும் பொருளாதார நட்டத்துக்கு நீதிமன்றங்கள் எளிதில் நட்டஈடு கொடுப்பதில்லை. வாழைச்சேனைக்கோ திருகோணமலைக்கோ போயிருக்கலாமே என்றும் கேட்பார்கள். டீசல் எவ்வளவு மிச்சம், ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கு அன்றே எழுதிய கணக்கு இல்லாவிட்டால் தண்டயல் சாட்சிக் கூட்டில் தடுமாறுவார். ஒரு படகின் ஒரு நாள் நட்டத்துக்காகப் பத்து வருடம் மாவட்ட நீதிமன்றப் படி ஏறுவதா?

என் தெரிவு வேறு. இது உங்கள் ஒருவரின் நட்டம் அல்ல. கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் படகுக்காரர்களும், மீனில் பங்கு வாங்கும் கடற்றொழிலாளரும் சேர்ந்து போகலாம். வாயைத் திறந்து வைக்கும் சட்டக் கடமையை நிறைவேற்றும்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 140ஆவது உறுப்புரையின் கீழ் மண்டாமுஸ் எழுத்தாணை கேட்கலாம். அதற்கு முன் அந்தக் கடமையைச் செய்யும்படி நீங்கள் எழுத்தில் கோரியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும், அல்லது பதில் தராமல் விட்டிருக்க வேண்டும். இன்னொரு வழி, 12ஆவது உறுப்புரையின் சமத்துவமும் 14ஆவது உறுப்புரையின் தொழில் செய்யும் உரிமையும் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. திகதி கேட்டது இதற்காகத்தான்: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும். வாய் இன்றும் மூடியே கிடந்தால் தொடரும் மீறல் என்று வாதிடலாம். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதையும் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த வழியில் மீனவருக்குப் பணம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் பற்றிய அடிப்படை உரிமை மனுக்களில், 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தக் கப்பல் தரப்புக்குக் கட்டளையிட்டது. அங்கே எதிரில் நின்றது வெளிநாட்டுக் கம்பெனி. உங்கள் எதிரில் இருப்பது நம் திறைசேரி. அந்த அளவைக் கனவு காணவேண்டாம். வாய் திறந்தால் அடுத்த பருவத்து மீன் மிஞ்சும்.

இந்த மனுவில் பலர் விடும் ஓட்டை ஒன்றைச் சொல்ல வேண்டும். மணலை அள்ளு என்று மீனவர் கேட்க, எங்கள் கரையைக் காப்பாற்று என்று ஒலுவில் மக்கள் எதிரே நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். காணியும் தென்னையும் கடலுக்குப் போனவர்களின் கோபம் அது, நியாயமானது. 'வாயைத் தோண்டு' என்று மட்டும் கேட்டால் அவர்கள் இடையீட்டு மனுவோடு வருவார்கள். அதிகாரிகள் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்துகொள்வார்கள். ஆகவே தோண்டும் மணலை வடக்கே அரிபடும் கரையில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்ற நிவாரணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். உலகில் பல துறைமுகங்களில் இதுவே வழக்கமான பராமரிப்பு. கரையோரம் பேணல் திணைக்களத்தையும் பிரதிவாதியாக்குங்கள். முடிந்தால் ஒலுவில் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு முதலில் உட்கார்ந்து பேசி, அவர்களில் இருவரையாவது மனுதாரராக்குங்கள்.

சாட்சியத்துக்கு வேண்டியது உங்கள் படகிலேயே இருக்கலாம். விஎம்எஸ் எனும் படகுக் கண்காணிப்புக் கருவி பொருத்தியிருந்தால், படகு வாய்க்கு வெளியே எத்தனை மணி நேரம் காத்து நின்றது என்பது கடற்றொழில் திணைக்களத்தின் பதிவில் இருக்கும். அதை விண்ணப்பித்து எடுங்கள். தண்டயலின் பதிவேடு, ஐஸ் வாங்கிய துண்டு, வியாபாரி தந்த விற்பனைத் துண்டு, அதே நாளில் வேறு துறையில் சூரை போன விலை, கையடக்கத் தொலைபேசியில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கொழும்புச் செலவு தாங்காதென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாகக் கூலி. அவர் இரண்டு நடை போனார். அந்த இரண்டுக்கும் கூலியை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் அன்று அவர் கரையிலிருந்து புறப்பட்ட நேரம், வாயைக் கடக்க எவ்வளவு காத்திருந்தார், அலை எப்படி இருந்தது ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மனு நீதிமன்றத்துக்குப் போகும்போது அவருடைய சத்தியக்கடதாசியும் உங்களுக்குத் தேவைப்படும்.