மதிக்கு, அத்தை எழுதுவது



நேற்று ராத்திரி உன் அப்பன் போன் பண்ணினான். “பிள்ளைக்கு ஒத்துக்கலைக்கா. ஹர்டில்ஸ் போதும், படிப்பைப் பாருன்னு சொல்லிட்டேன்” என்றான். சரி என்று வைத்துவிட்டேன். அப்புறம் விடியும்வரை புரண்டு படுத்ததுதான் மிச்சம். நேரில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதற்கு மட்டும் உடனே பதில் போடு. மற்றதற்கு அவசரமில்லை.

அன்று சென்னையில் உன் போட்டியின்போது கேலரியில் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். ஓடுகிறவர்கள் காத்திருக்கும் கால் ரூமிலிருந்து வந்த எட்டுப் பேரில் நீ ஒருத்திதான் குனிந்து ஸ்பைக் லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாய். நாலு தடவை. உன் அப்பன் எழுந்து நின்று, “பயப்படாதே மதி, பயப்படாதே” என்று கத்தினான். நீ நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட்டாய். சிவப்பும் கறுப்புமான அட்டையைக் காட்டிவிட்டார்கள்.

எங்கள் காலத்தில் முதல் தடவை முந்தினால் எச்சரிக்கையோடு போகும். 2010-லிருந்து அதுவும் கிடையாது. வெடிச்சத்தம் கேட்டு 0.1 விநாடி ஆவதற்குள் பிளாக்கை உதைத்தாலே வெளியே. 2011-இல் தேகு உலக சாம்பியன்ஷிப்பில், 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில், உசேன் போல்ட்டையே இப்படித்தான் அனுப்பினார்கள். அதே வாரம் 200 மீட்டரில் தங்கம் எடுத்தார்.

“ஓடுறதுக்கு முன்னாடி குமட்டுது அத்தை, கை சில்லிட்டுப் போகுது, எனக்கு ஏதோ வியாதி” என்றாயே. வியாதி இல்லை கண்ணு. பெரிய வேலை காத்திருக்கிறது என்று தெரிந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. வயிற்றுக்கும் தோலுக்கும் போகிற ரத்தம் குறைந்து, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் கூடுகிறது. அதனால்தான் வயிறு பிசைகிறது, விரல் சில்லிடுகிறது. இது கொஞ்சமும் இல்லாமல் பிளாக்கில் உட்கார்ந்தால் கால் எழும்பாது. அளவு மீறும்போதுதான் தொல்லை.

இதை எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை விட்டார். வேறொருத்தி முந்திவிட்டதால் ஓட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். முதல் தடவை நன்றாகக் கிளம்பியவருக்கு இரண்டாம் தடவை அந்த வேகம் வரவில்லை. அடுத்த வருசமே ஜகார்த்தாவில், ஆசியத் தடகளப் போட்டியில், ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும். பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அதே 1985-இல்தான் நான் கோவையில் மண் ட்ராக்கில் 400 மீட்டர் ஹீட்ஸுக்குப் போனேன். வேலியோரம் வாந்தி எடுத்ததை உன் அப்பாரு, என் அப்பா, பார்த்துவிட்டார். “இவளுக்கு ஒத்துக்காது.” அவ்வளவுதான். என் பெயரைக் கூப்பிட்ட நேரத்தில் நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். ஊரில் இறங்கி வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது நான் கேரியரில், உன் அப்பன் முன்கம்பியில். பத்து வயசுப் பயல், திரும்பித் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன்தான் இன்றைக்கு அதே வார்த்தையைச் சொல்கிறான்.

அப்பாரு கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். அவருடைய பயத்துக்காக நான் வீட்டுக்குப் போனேன். அந்த ஹீட்ஸில் எனக்கு எந்த லேன் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். மூன்றாவது.

உனக்கு இன்னொன்றும் நடக்கிறது. முதல் ஹர்டிலுக்கு 13 மீட்டர், எட்டுக் காலடி. உன் கால் எத்தனையோ ஆயிரம் தடவை வைத்த அடி. பயம் வந்ததும் அந்த எட்டையும் மனசுக்குள் எண்ணத் தொடங்குவதாக நீயே சொன்னாய். இருட்டில்கூடச் சடை பின்னுகிறவள், எந்தப் பிரி மேலே எந்தப் பிரி கீழே என்று யோசித்தால் விரல் சிக்கிக்கொள்ளும். அடியை எண்ணாதே. முதல் ஹர்டிலின் மேல்கட்டையை மட்டும் பார். லேஸை ஒரே தடவை கட்டு. கால் ரூமில் நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி மெதுவாக விடு. நீளமாக விடுகிற மூச்சில்தான் இதயத்துடிப்பு தணியும். இதெல்லாம் போட்டியன்று புதிதாக வராது, தினமும் பழக வேண்டும். ‘செட்’ சொன்னபிறகு ஒருதரம் சீக்கிரமாகவும் ஒருதரம் தாமதமாகவும் கிளாப்பரைத் தட்டச் சொல்லு. நாலு பேரைப் பக்கத்தில் நின்று கத்தச் சொல்லு. பயமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு பிளாக்கில் உட்கார்.

படபடப்புக்கென்று ஹாஸ்டலில் யாரோ தந்த மாத்திரையைத் தூக்கிப் போடு. கை நடுக்கத்தை நிறுத்துகிறது என்பதற்காகவே துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் தடை செய்த வகை அது. உன் ஓட்டத்துக்குத் தடை இல்லைதான், ஆனால் அது இதயத்தை மெதுவாக்கும் மருந்து, ஓடுகிறவளுக்கு எதற்கு? மைதானத்தை விட்டு வந்தபிறகும் படபடப்பு அடங்காமல் தூக்கம் கெட்டுக்கொண்டே போனால் டாக்டரிடம் போவோம், நான் கூட வருகிறேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்த மாதத் தேர்வுப் போட்டிக்குப் போவதும் போகாததும் உன் விருப்பம். படிப்பும் பெரிதுதான், உன் அப்பன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விடுவதானால் விடு. பத்து ஹர்டிலையும் தாண்டி முடித்துவிட்டு விடு. அந்த அட்டையோடு விடாதே சாமி. அதைச் சுமந்துகொண்டு நாற்பது வருசம் நடப்பது லேசில்லை.

ரொம்பப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ ஓடினாலும் ஓடாவிட்டாலும் என் தங்கம், என் உசிரு. உன் கால் தரையில் பட்ட நாளிலிருந்து எனக்கு உன் நினைப்புதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன், கச்சாயம் சுட்டு எடுத்து வருகிறேன். அப்பனிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். போட்டியன்று கேலரியில் அவன் கையைப் பிடித்து என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன்.

உன் அத்தை