நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஈசியூவில் கைவைப்பவர் யார்?

வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்றால், எங்கோ ஓர் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அந்தச் சித்திரத்தை உலகம் முழுக்கப் பதியவைத்தது 2015இல் அமெரிக்காவில் நடந்த ஜீப் செரோக்கி சோதனை. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப்பை வீட்டிலிருந்தபடியே முடக்கிக் காட்டினார்கள். ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 'அப்படியானால் இணைய இணைப்பு இல்லாத வண்டிக்குப் பயமில்லை' என்று அதிலிருந்து முடிவுகட்டியவர்கள் நிறைய. சோதனையின் விவரங்களைப் படித்தால் வேறொன்று தெரியும். மொபைல் நெட்வொர்க் வழியாக அவர்கள் நுழைந்தது பாட்டும் வரைபடமும் தரும் திரைக்குள். அங்கிருந்து கியரையோ பிரேக்கையோ நேராகத் தொட முடியாது. திரைக்கும் வண்டியின் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே தனியாக ஒரு சிப் இருந்தது. அந்தச் சிப்பில் இருந்த மென்பொருளை மாற்றித் தாங்கள் எழுதியதை ஏற்றினார்கள். இது யார் கொடுத்த மென்பொருள் என்று சிப் கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாத சிப்புக்கு, மென்பொருள் இணையத்தில் வந்தாலும் கேபிளில் வந்தாலும் ஒன்றுதான்.

கேபிளோடு வருபவரோ பெரும்பாலும் வண்டிக்காரரே கூட்டிவந்தவராக இருக்கிறார். கோளாறைப் படிப்பதற்காக ஸ்டீரிங்குக்குக் கீழே வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகி, எஞ்சின் ஈசியூவில் உள்ள அட்டவணைகளை மாற்றி எழுதுவதைத்தான் ரீமேப் என்கிறார்கள். டீசல் எவ்வளவு, எந்த நொடியில் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதெல்லாம் அந்த அட்டவணைகளில் எண்களாக இருக்கின்றன. புகைவடிப்பானைக் கழற்றிவிட்டு, அது இல்லை என்பதை எஞ்சின் கண்டுகொள்ளாதபடி மென்பொருளைத் திருத்துவதும் இதே வழியில்தான் நடக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இப்படி மாசுக்கட்டுப்பாடு நீக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் ஆயுள் முழுவதும் கூடுதலாக வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5.7 லட்சம் டன். திருத்தப்படாத வண்டிகள் 90 லட்சம் புதிதாகச் சாலைக்கு வந்தால் காற்றுக்கு எவ்வளவு கேடோ, அவ்வளவு. இதில் எந்த ஹேக்கரும் தொலைவிலிருந்து நுழையவில்லை. ஆகவே ஈசியூவைப் பாதுகாக்க நினைப்பவர், திருத்த வருபவர் கையில் வண்டிச் சாவி, கருவிகள், வேண்டிய அவகாசம், உரிமையாளரின் சம்மதம் எல்லாம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

'அதற்குத்தான் ஈசியூவில் செக்சம் இருக்கிறதே, கடவுச்சொல் மாதிரி ஏதோ ஒன்றும் உண்டே' என்பது சற்று விவரம் தெரிந்தவர்களின் நம்பிக்கை. செக்சம் என்பது நினைவகத்தில் உள்ள எண்களையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கிடைக்கும் விடை. மளிகைக் கடை பில்லின் அடியில் எழுதிய கூட்டுத்தொகை போன்றது அது: தவறுதலாக ஓர் எண் அழிந்தால் காட்டிக்கொடுக்கும், வேண்டுமென்றே எண்ணை மாற்றுபவர் கூட்டுத்தொகையையும் மாற்றி எழுதிவிடுவார். ரீமேப் மென்பொருள்கள் திருத்தம் முடிந்ததும் செக்சத்தைத் தாமாகவே கணக்கிட்டுப் போட்டுவிடுகின்றன. கடவுச்சொல்லின் கதை இன்னும் பரிதாபம். ஈசியூ ஓர் எண்ணை அனுப்பும். கருவி அதற்குச் சரியான பதில் எண்ணைத் தந்தால் எழுத அனுமதி கிடைக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகமும் 2010இல் ஒரு கார் மாடலை வைத்து இதை ஆராய்ந்தன. பதில் எண்ணின் நீளம் வெறும் 16 பிட். பத்து நொடிக்கு ஒரு முறை முயன்றால், ஏழரை நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சாத்தியமான எல்லா எண்களையும் போட்டுப் பார்த்துவிடலாம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் நிற்பது நம்மூரில் யாருக்கும் வியப்பான செய்தி அல்ல.

உண்மையில் தடுக்கக்கூடியது டிஜிட்டல் கையொப்பம். தயாரிப்பாளர் மென்பொருளில் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார். அந்தச் சாவி நிறுவனத்தை விட்டு வெளியே வருவதில்லை. ஈசியூவுக்குள் இருப்பது சரிபார்க்க மட்டும் உதவும் பொதுச் சாவி. ஈசியூவைப் பிரித்து உள்ளிருப்பதை முழுவதும் படித்தாலும் புதுக் கையொப்பம் போட முடியாது. புது மென்பொருளை ஏற்றும்போது மட்டுமல்லாமல், வண்டியை ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை நடக்க வேண்டும். 2016இல் சீனாவின் கீன் ஆய்வகம் டெஸ்லா மாடல் எஸ் காரின் உள் நெட்வொர்க் வரை ஊடுருவிக் காட்டியபோது, டெஸ்லா பத்து நாளுக்குள் அனுப்பிய திருத்தத்தில் முக்கியமானது இந்தக் கையொப்பச் சோதனைதான். இதனாலும் எல்லாம் அடைபட்டுவிடாது. பிஎஸ்-6 மாசு விதிக்கு உட்பட்ட டீசல் லாரியில், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் திரவமான ஆட்ப்ளூ தீர்ந்தால் எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே ஓர் எமுலேட்டர் பெட்டியை வைத்தால், ஆட்ப்ளூ இருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம். மென்பொருளில் ஒரு பிட்டும் மாறாது. வண்டிக்குள் இந்தச் செய்திகளைச் சுமப்பது பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் நெட்வொர்க். அதில், செய்தியை அனுப்பியது யார் என்று சரிபார்க்கும் வசதியே கிடையாது. எனவே சென்சார்களின் செய்திகளுக்கும் அடையாளச் சோதனை தேவை. அது புது வண்டிகளில் மெல்லத்தான் வருகிறது.

'என் காசில் வாங்கிய வண்டி, என் ஈசியூ. தயாரிப்பாளர் யார் பூட்டுப்போட?' என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வண்டி அவருடையது என்றாலும் அது விடும் புகை தெருவுக்கே போகிறது. அதே வண்டியை நாளை வாங்கப்போகிறவருக்கு, டர்போ எவ்வளவு அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் தெரியாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. பிடிப்பதுதான் கடினம். நம் மாசுச் சான்றிதழ்ச் சோதனையில் டீசல் வண்டியின் புகை அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பூட்டின் சாவி கம்பெனியிடம் மட்டும் இருந்தால் தெருமுனை மெக்கானிக் பிழைப்பது எப்படி? நியாயமான பயம்தான். கோளாறைப் படிப்பதும் பாகத்தை மாற்றிப் பதிவதும் வேறு, கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி எழுதுவது வேறு. முதல் இரண்டுக்கும் வெளியாருக்கு வழி திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அதையும் சேர்த்து அடைக்கும் கம்பெனிகளை நம்பக்கூடாது. கம்பெனியின் கையொப்பம் என்பதாலேயே உள்ளே இருப்பது நேர்மையானது என்றும் ஆகிவிடாது. ஃபோக்ஸ்வேகனின் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில், பரிசோதனை நடப்பதைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் புகையைக் குறைத்த மென்பொருள் நிறுவனமே வைத்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்களில் அளவுகருவிகளை ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்ததில்தான் சந்தேகம் எழுந்தது. 2015 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது. வெளியாரின் கையிலிருந்து ஈசியூவைப் பூட்டிவைக்கும் கம்பெனியை, வெளியிலிருந்து அளந்து பார்க்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஐ.நா.வின் ஆர்156 விதி அந்தத் திசையில் ஓர் அடி: வண்டிக்கு அனுமதி தந்தபோது எந்த மென்பொருள் இருந்தது என்பதற்கு ஓர் அடையாள எண், அதை ஓபிடி போர்ட் வழியாகவே படிக்கவும் முடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புது வண்டிகளுக்கும் இது பொருந்துகிறது.

பழைய வண்டி வாங்கப்போகிறவர்கள் இப்படி ஒரு விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் சாதாரண ஓபிடி ஸ்கேனரே மென்பொருளின் கேலிப்ரேஷன் எண்ணையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் காட்டும். அந்த மாடலுக்குரிய எண்கள் இவைதானா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கைதேர்ந்த ரீமேப்காரர் எண்ணையும் போலியாகக் காட்டவைப்பார் என்பதால், ஒத்துப்போனால் வண்டி சுத்தம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒத்துப்போகாவிட்டால், மூல மென்பொருளைத் திரும்ப ஏற்றித் தராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.